மலைக்குத் தண்ணீர் சுமந்தவர்கள்

ஏலகிரிக்குக் குடிபோகிறோம் என்று சொன்னதும் என் மாமியார் முதலில் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். ஆம்பூர்க்காரர்களுக்கு ஏலகிரி என்றால் ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி கட்டிக்கொண்டு போய், படகில் ஒரு சுற்றுச் சுற்றி, வெயில் தாழ இறங்கி வருகிற இடம். அங்கே வாடகைக்கு வீடு பிடித்தாகிவிட்டது, சாமான் ஏற்ற வண்டியும் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "வேலை கீழ, வீடு மேலயா? தெனம் மலை ஏறி எறங்க நீங்க இன்னா ஆடா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நானும் என் கணவரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் தோல் வெட்டும் பகுதியில், நான் சாம்பிள் ரூமில். கம்பெனி வாணியம்பாடி தாண்டி, ஆம்பூர் வரும் வழியில் இருக்கிறது. மலையிலிருந்து வண்டியில் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவருக்குத் திருப்பத்தூர் போகத்தான் ஆசை. கடை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் இருக்கிறது என்பார். ஆலங்காயம் பக்கம்கூட ஒரு வீடு பார்த்தோம். மலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்.

காரணம் என் மகள். ஆம்பூரில் எல்.கே.ஜி. படித்தபோது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். மழை, ஆறு, ஏரி என்று மற்ற பிள்ளைகள் பாடத்தை ஒப்பித்திருக்கிறார்கள். என் மகள் எழுந்து, "கேன் அண்ணா கொண்டாந்து போடுவாரு" என்று சொல்லியிருக்கிறாள். மிஸ் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். பிள்ளை பொய் சொல்லவில்லையே. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும்தான். அதுவும் சோப்பு நுரைக்காது. தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடிக்கும். ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் டேனரிகள், நிலத்தடி நீர் எப்போதோ கெட்டுப்போனது, அதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசக்கூட மாட்டார்கள். பேசி என்ன ஆகப்போகிறது, கேன் வருகிறதே.

அதனால் எங்கள் பக்கத்தில் சில பழக்கங்கள் உண்டு. விருந்தாளி வந்தால் தண்ணீரை நீட்டும்போதே, "கேன் தண்ணிதான், பயப்படாம குடிங்க" என்று சொல்லிவிடுவோம். கல்யாணமோ சாவோ, போகிறவர்கள் கைப்பையில் பாட்டில் இருக்கும். ஒரு வீட்டுக்குப் போய் அங்கே கொடுக்கிற தண்ணீரை வேண்டாம் என்று சொல்லி நம் பாட்டிலைத் திறந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நல்ல அம்மா என்றுதான் சொல்வார்கள். என் மகளுக்கும் பேச்சு வந்த நாளிலிருந்தே சொல்லி வளர்த்தேன். வெளியே யார் கொடுத்தாலும் தண்ணீர் குடிக்கக் கூடாது, பாட்டில் காலியானால் வீட்டுக்கு வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். கை கழுவு என்று சொல்வதைப் போலத்தான் அதையும் சொன்னேன்.

மாமியாருக்குக் கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். ஒரு வருஷம் பார்ப்போம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமையவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்துவிடுவோம் என்று.

ஆள் அமைந்தது. நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே அமைந்தது. நாங்கள் பிடித்த வீட்டுக்குப் பின்னால், ஒரு பலா மரம் தள்ளி, ஓர் அக்காவின் வீடு. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டு மதியத்துக்குள் வீடு வந்துவிடுவார். அவருடைய பெண்ணும் என் மகள் சேர்ந்த பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு. குடிவந்த மறுநாளே அவர் வேலியருகில் வந்து நின்று என் மகளைப் பார்த்தார். "ஸ்கூல் வுட்டா ரெண்டும் ஒண்ணா வரட்டும். நீ வர்ற வரைக்கும் எங்க வூட்ல இருக்கட்டும்" என்றார். நான் இன்னும் கேட்கவே இல்லை. இதற்கு எவ்வளவு தர வேண்டும் என்று இழுத்ததற்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூலியா என்று முறைத்தார். அந்த முறைப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த முதல் மாதங்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடும். எங்கள் தெருவில் வாசலைத் தாண்டினால் பைக், சாக்கடை, நாய் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்த பிள்ளை, இங்கே காலையில் கதவைத் திறந்தால் வெளியே ஓடிவிடுவாள். பனி இறங்கினால் கையை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பாள். இரண்டு முட்டியிலும் எப்போதும் காயம். எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. முதல் தடவை தலைக்குக் குளிப்பாட்டியபோது நுரையைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் பின்வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

ஆனால் அந்தத் தண்ணீரை நாங்கள் குடிக்கவில்லை. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று அது எங்களுக்கு மிகச் சரியாகப் பட்டது. சோப்பு போட்டுக் குளித்தால், எத்தனை சொம்பு ஊற்றினாலும் உடம்பில் வழவழப்பு போகவில்லை. என் கணவர் தண்ணீரை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வழவழன்னு இருக்குதுன்னா இதுல ஏதோ கலந்திருக்கு" என்றார். தோலைத் தடவியே அது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுகிற மனிதர். நான் நம்பினேன். நல்ல தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது என்பது அப்போது எங்களுக்கே தெரியாது. கம்பெனியில் சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கிறது. சாயங்காலம் கிளம்பும்போது பெரிய கேனில் பிடித்து, வண்டியில் எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்து, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவேன். மலையில் கிணறுகள் நிரம்பிக் கிடக்கின்றன, நாங்கள் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து மலைக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தோம். வளைவில் டீக்கடை வைத்திருப்பவர் எங்களைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்வார். பகடி செய்கிறார் என்று நாங்களும் கை காட்டிவிட்டுப் போவோம்.

அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம். வேலை முடிந்து வந்தபோது அக்கா எப்போதும்போல் வாசலில் உட்கார்ந்து பேசவில்லை. பிள்ளையின் பையை என் கையில் கொடுத்துவிட்டு, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ள முடியாது, லாட்ஜில் வேலை ஜாஸ்தியாகிவிட்டது என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

லாட்ஜில் அப்படி ஒன்றும் வேலை கூடவில்லை. மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தபோது அவர் வழக்கம்போல மதியமே வந்துவிட்டதைப் பார்த்தேன். பள்ளி விட்டதும் அவர் பெண் முன்னால் நடந்தாள், என் மகள் பின்னால் தனியாக வந்தாள். இரண்டு நாள் லீவு மூன்றாயிற்று. சாம்பிள் ரூமில் வெளிநாட்டு ஆர்டருக்கு மாதிரி தைக்க வேண்டிய நேரம். திங்கட்கிழமை வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார். ஒருவர் சம்பளத்தில் வீடு ஓடாது. என் கணவர் ஆம்பூரில் என் மாமியார் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறதா என்று அவர் தம்பியிடம் கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொடுத்த வாக்கு அப்படித்தான்.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அத்தை வீட்டில் ஏதாவது சேட்டை செய்தாயா என்று கேட்டேன். அவள் அக்காவை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. பாட்டில் காலி ஆயிடுச்சு. அத்தை சொம்புல தண்ணி குடுத்தாங்க. உங்க வூட்டுத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்கன்னு சொன்னேன். கரெக்டா சொன்னேன் இல்ல?"

கரெக்டாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை பிசகாமல் நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தை அந்த வீட்டில், அந்த அக்காவின் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. உடம்பெல்லாம் கூசிப்போய், போட்டது போட்டபடி பின்வாசல் வழியாக ஓடினேன்.

அக்கா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான், என் அம்மா வீட்டுக்கே நான் பாட்டிலோடுதான் போவேன், பிள்ளைக்கு அதைத்தான் சொல்லி வளர்த்தேன், உங்களை நினைத்துச் சொன்னதில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் புடைப்பதை நிறுத்தாமலே சொன்னார். சின்ன வயதில் அவர் தம் அம்மாவோடு கீழேயிருந்து வந்தவர்கள் கட்டிய ஒரு பங்களாவில் வேலைக்குப் போனாராம். பலாப்பழம் வாங்கிக்கொள்வார்களாம், தேன் வாங்கிக்கொள்வார்களாம், தண்ணீர் மட்டும் இவர்கள் கை படாமல் அவர்களே சேந்திக்கொள்வார்களாம். அதைச் சொல்லும்போது கோபம்கூட இல்லை அவர் குரலில்.

இப்போது ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள், குடிக்கிறேன் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இப்ப உனக்கு வேலை ஆகணும். இப்ப நான் எதக் குடுத்தாலும் நீ குடிப்ப" என்றார்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் சத்தம் வரும். என்னைப் போய் அப்படிச் சொல்லிவிட்டாரே என்று ஆற்றாமை. என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் தோல் வேலை செய்கிற குடும்பம். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு எடுக்கிற வேலை. ஒரே தெருமுனையில் பேசிச் சிரிக்கிறவர்கள்கூட எங்கள் வாசலுக்கு வந்தால் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்கள். என் அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்பார்கள். அம்மா அந்த டம்ளரை அப்படியே உள்ளே கொண்டுபோய் வைப்பாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே மறுப்பை என் பிள்ளை வாயில் வைத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. என் கணவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம தண்ணிய அவங்க பாத்ததுகூட இல்லியே" என்றார்.

அவர் போகிற போக்கில் சொன்னதுதான், எனக்கு அது பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மாடிப் போர்ஷனைப் பார்க்க ஆம்பூர் போனபோது, மாமியார் வீட்டுப் பின்கட்டுக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தேன். மாமியார் பதறிவிட்டார். "அடியே, அது பாத்திரம் கழுவுற தண்ணி. மேல தண்ணி இல்லாமயா போச்சு?" என்றார். இருக்கிறது அத்தை, இது வேறு விஷயத்துக்கு என்றேன். மலைக்காற்று எனக்கு மூளையைத் தொட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டியது முகத்திலேயே தெரிந்தது. கேனைக் கட்டிப்பிடிக்கிற அதே கைகளால் அந்தப் பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டு மலை ஏறினேன். என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். பாட்டிலை அவர் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தேன். நீங்கள் எனக்குத் தண்ணீர் தர வேண்டாம், எங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வம்புக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் பாட்டிலைத் திறந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வாயில் விட்டார். விட்ட வேகத்தில் துப்பிவிட்டு, முந்தானையால் நாக்கைத் துடைத்தார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தார்.

"இதுலயா புள்ளையக் குளிப்பாட்டுன?" என்றார்.

தலையாட்டினேன். அதற்குமேல் நான் ஒன்றும் யோசித்து வரவில்லை. ஆனால் வாய் தானாகப் பேசிவிட்டது.

"எங்க வூட்லயும் யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்கக்கா. இந்தத் தண்ணி கெட்டுப்போறதுக்கு முன்னாடியே."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். தோல் வேலை என்று நான் எப்போதோ சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் பாட்டிலைத் திரும்ப எடுத்தார். பிறகு பாட்டிலில் இருந்ததை வாழை மரத்தடியில் ஊற்றப் போனவர், மரத்துக்கும் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, வேலிக்கு வெளியே கொட்டினார். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு கயிற்றைக் கிணற்றில் விட்டார்.

சேந்திய வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு என்னிடம் நீட்டினார். வாங்கி, யார் வீட்டிலும் குடிக்கிற மரியாதைப்படி, உதட்டில் படாமல் அண்ணாந்து தூக்கினேன்.

"வாய் வெச்சிக் குடி" என்றார் அக்கா.

வாய் வைத்தே குடித்தேன். மலைக்கு வந்து அத்தனை மாதங்கள் கழித்து அந்தத் தண்ணீர் அப்போதுதான் முதல்முறையாக என் தொண்டையில் இறங்கியது. சில்லென்று, ஒரு ருசியும் இல்லாமல், நிறுத்த முடியாமல் இருந்தது. சொம்பைத் தாழ்த்தியபோது என் மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இப்ப நானும் குடிக்கலாமா?"

தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் ஓடி விளையாடிவிட்டு, பாட்டில் தீர்ந்த பிறகு, என் வண்டிச் சத்தம் கேட்கும்வரை இவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அக்கா சொம்பை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி மொண்டு, அவள் முன்னால் குனிந்தார்.

"இதுக்கெல்லாம் அம்மாவக் கேக்காத. அவ கீழ வேலைக்குப் போயிருவா. இங்க என்னக் கேளு" என்றார்.

அவள் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து, முகம் பாதி உள்ளே போகக் குடித்தாள். கழுத்தில் வழிந்தது, சட்டை நனைந்தது. காலி சொம்பை அக்காவிடமே நீட்டி, இன்னும் வேண்டும் என்று கேட்டாள்.